முதுகுப் பக்கம் வந்த வெடிப்பு

பகல் இரண்டு மணி தாண்டிப் பதினோரு நிமிடம். அவள் கணினித் திரையில் கோடு எகிறியது. அவள் வேலை செய்யும் ஆய்வகம் செயற்கைக்கோளில் அனுப்பியிருந்த விண்வெளித் தொலைநோக்கியில், ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்தபடி நான்கு காமா கதிர் கருவிகள் இருந்தன. எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் சாகும்போது கிளம்பும் கதிர்வீச்சு சில நொடிகளே நிற்கும். அது நிஜ வெடிப்புதானா என்று பார்த்து உலகத்திலுள்ள மற்ற தொலைநோக்கிகளுக்குத் தகவல் அனுப்புவது அவள் வேலை. தாமதித்தால் மிச்ச வெளிச்சமும் மங்கிவிடும்.

போன மாதம் அவசரப்பட்டு ஒன்றை அனுப்பியிருந்தாள். பதினேழு தொலைநோக்கிகள் தம் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தன. அங்கே ஒன்றுமில்லை, பூமியைச் சுற்றியிருக்கும் மின்துகள்கள் கருவிகளில் மோதியிருந்தன, அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை. எல்லோரும் ‘பரவாயில்லை’ என்று சொன்னதுதான் அவளை அரித்தது. வீட்டில் கணவன் மட்டும், குக்கர் விசில் அடித்தாலும் உலகத்துக்குத் தந்தி கொடுத்துவிடாதே என்று கேலி செய்து சிரிக்க வைத்தான்.

இப்போது மூன்று கருவிகளில் கதிர்களின் எண்ணிக்கை ஏறி, இருபது நொடியில் இறங்கியிருந்தது. நான்காவதில் அந்த ஏற்றமே இல்லை. பக்கத்து மேசைப் பொறியாளனுக்கு அலுவலகத்தில் ‘சந்தேகம்’ என்றே பெயர். அந்தக் கருவி போன வாரம்தான் பழுதாகி எழுந்தது, மறுபடி படுத்திருக்கும், செயற்கைக்கோள் பூமியை இன்னொரு சுற்று வந்து தரவு அனுப்பட்டும் என்றான். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

போன மாதத்து வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அன்று நான்கும் ஒன்றுபோலத் துள்ளியிருந்தன. துகள்கள் எல்லாப் பக்கமும் மோதும். வெடிப்பின் கதிரோ ஒரே திசையிலிருந்து வரும். மூன்று கருவிகளில் எதில் அதிகம், எதில் குறைவு என்று அளந்து, வந்த திசையை இரண்டு தடவை கணக்கிட்டாள். நான்காவது கருவி அதற்கு நேர் எதிரே, செயற்கைக்கோளின் உடம்புக்குப் பின்னால் இருந்தது. அதன் வழக்கமான மெல்லிய எண்ணிக்கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பழுதாகியிருந்தால் அதுவும் நின்றிருக்கும்.

“அது கெட்டுப்போகலடா. அதுக்கு முதுகுப் பக்கமா வந்திருக்கு.”

“தப்பாப் போச்சுன்னா, அக்கா?”

“மறுபடியும் பரவாயில்லைம்பாங்க. கேட்டுக்கிறேன்.”

அனுப்பினாள்.

நாற்பது நிமிடம் கழித்து, இருட்டியிருந்த ஏதோ ஒரு நாட்டின் மலை ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. அவள் சொன்ன இடத்தில், பழைய படங்களில் இல்லாத ஒரு புள்ளி, மங்கிக்கொண்டே போகிறது, தூரத்தை அளக்க ஆரம்பித்துவிட்டோம். ‘சந்தேகம்’ அதை மூன்று முறை படித்தான். பிறகு, இப்போது அது எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டான்.

இருவரும் வெளியே வந்தார்கள். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குச் சற்று மேலே அவள் கை காட்டினாள். வெயிலில் கண் கூசியது. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, இருவரும் வெறும் நீல வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.