எலிசாள் சொன்ன சாட்சி

ஜெபமலர் பி.காம். படித்தவள். அவள் வீட்டில் அதற்கு முன் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் கிடையாது. குவைத்தில் ஒரு துணிக் கம்பெனியின் மொத்தக் கணக்கும் அவள் கையில்தான் இருந்தது; ஆனால் விசாவில் போட்டிருந்த வேலை ஹெல்பர். கணக்கு எழுதுகிறவளுக்கு ஹெல்பர் சம்பளம் கொடுத்தால் போதும் என்று செய்த ஏற்பாடு அது. செய்தவர் சத்தியதாஸ், கம்பெனியின் மேனேஜர். ஊரில், ஆரியசாலைக்குப் பக்கத்தில் அவள் குடும்பம் போகிற அதே தமிழ்ச் சபையில் தாத்தா காலத்திலிருந்து அங்கத்தினர். “விசாவில என்ன எழுதியிருந்தா என்ன மோளே, செய்யப்போறது கணக்கு வேலைதானே” என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார். அவளும் தலையாட்டினாள். வேலை வாங்கித் தருகிறவரிடம் சந்தேகம் கேட்கும் பழக்கம் அவள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

இப்போது வேறொரு கம்பெனி, அக்கவுண்டன்ட் என்றே எழுதிய விசா தருகிறோம் என்றது. அதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். டிகிரி சான்றிதழுக்கு ஊரில் முத்திரை வாங்க வேண்டும். பழைய கம்பெனி ரிலீஸ் கொடுக்க வேண்டும்; அதாவது, இவளை விடுகிறோம், விசாவை அங்கே மாற்றிக்கொள்ளட்டும் என்று சம்மதிக்க வேண்டும். மூன்று வருஷம் முடித்தவர்களுக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. ஜெபமலருக்கு இன்னும் ஏழு மாசம் பாக்கி.

சத்தியதாஸிடம் அவள் பாதி உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். கல்யாணம் பேசுகிறார்கள், மாப்பிள்ளை இருப்பது குவைத்தின் மறுகோடியில், பக்கத்தில் ஏதாவது கடைக்கு மாறிக்கொள்கிறேன் அங்கிள் என்று. கடைக்குத்தானே என்று அவரும் இறங்கி வந்தார். “லீவு முடிஞ்சு வா. வந்த உடனே ரிலீஸ் பண்ணித் தாறேன்.” அக்கவுண்டன்ட் வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்தால் விடமாட்டார். இத்தனை நாள் கணக்கு எழுதியது யார், எந்த விசாவில் எழுதினாள் என்ற கேள்வி அவர் முதலாளி வரைக்கும் போகும்.

அதனால் ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்த கையோடு செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: “கையில விசா வர்ற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. அம்மா, ஒங்களத்தான் சொல்லுதேன்.”

“நான் யார்ட்ட சொல்லப்போறேன்? மிளகாய்கிட்டயா?” என்றாள் எலிசாள். ஆரியசாலையில் ஒரு மொத்தக்கடையில் வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிற வேலை அவளுக்கு. சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசிக்கடையில் மூட்டை நிறுக்கிற அப்பா ஜெபசிங், “நீ சொல்லாம இருந்தா மழை பெய்யும்” என்று சிரித்தார்.

எலிசாள் வாக்கைக் காப்பாற்றினாள். மிளகாய்க் கடையில் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அவள் ஒரு பொருத்தனை செய்திருந்தாள். மகளுக்குப் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைத்தால் சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்கிறேன் என்று ஜெபத்தில் நேர்ந்திருந்தாள். மனிதரிடம் சொல்லாதே என்றால் சொல்லாமல் இருக்கலாம். ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை எப்படித் தள்ளிப்போடுவது? விசா கைக்கு வந்த பிறகு சொன்னால் போதாதா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வேலை கிடைத்தாயிற்று என்று மகள் சொல்லிவிட்டாள். அவள் கணக்கில் அது கிடைத்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. சபைப் போதகரான ஐயர் மைக்கை நீட்டினார். அடிக்கடி எழுகிறவர்கள் எழுந்தார்கள். பேரனுக்கு மெடிக்கல் சீட், மருமகனுக்குப் பிரமோஷன். பிறகு பின்வரிசையில் எலிசாள் எழுந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த மைக்கைத் தொட்டது கிடையாது.

ஜெபமலர் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, இரிங்க.”

“பொருத்தனைட்டி” என்று சொல்லிவிட்டு எலிசாள் போய்விட்டாள்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “என் மகளைப் படிக்க வச்சேன். எல்லாரும் கேட்டாங்க, மிளகாய் கிள்ளுதவளுக்கு இவ்வளவு ஆசையான்னு. குவைத்துக்கு ஹெல்பர்னு கொண்டு போனாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல ஹெல்பர் சம்பளத்துக்கு அவங்க கணக்கு முழுக்க என் பிள்ளைதான் எழுதினா. மனுஷர் தாழ்த்தினாங்க, கர்த்தர் உயர்த்தினார். இப்போ வேற கம்பெனில அக்கவுண்டன்ட்னே எழுதி விசா தாறாங்க. அல்லேலூயா!”

சபை அல்லேலூயா என்றது. எலிசாள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை ஜெபமலர் அதற்கு முன் பார்த்ததில்லை. அதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. தூண் பக்கத்தில் ஸ்டாண்டில் வைத்த செல்போன் ஆராதனையை யூடியூபில் நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தது. கொரோனா காலத்தில் ஆரம்பித்தது, நிறுத்தவே இல்லை. வெளிநாட்டில் இருக்கிற அங்கத்தினர்களுக்காக என்று சொல்வார்கள். காலையில் சாயா குடித்துக்கொண்டே சொந்தச் சபையின் ஆராதனையைப் பார்ப்பேன், ஒரு வாரம்கூட விட்டதில்லை என்று சத்தியதாஸ் ஆபீஸில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிற ஆள்.

மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது அழைப்பு வந்தது. ஜெபமலர் ஸ்பீக்கரைப் போட்டாள். அம்மா கேட்கட்டும் என்றுதான் போட்டாள்.

“மோளே, சாப்பிட்டாச்சா?” சத்தியதாஸின் குரலில் தேன் ஒழுகியது. “அம்மைட சாட்சி கேட்டேன். நல்லாயிருந்து, கேட்டோ. என் மச்சினன் விளிச்சு கேட்டான், உங்க கம்பெனியத்தான பறயுதுன்னு. ஞான் என்ன பதில் சொல்லட்டும்?”

“அங்கிள், அம்மா தெரியாம…”

“தெரியாமலா? நல்லா மனப்பாடம் பண்ணியில்லா பேசினாங்க! ஹெல்பர்னு கொண்டு போனாங்களாம். கொண்டு போகலேன்னா நீ இப்போ சாலைக் கடையில பில்லு போட்டுட்டு நின்னிருப்ப. அது ஓர்மையில்ல, அல்லே?”

“கொண்டு போனதுக்கு நன்றி இருக்கு அங்கிள். ஆனா அம்மா சொன்னதுல எது பொய்?”

சத்தியதாஸின் குரலில் தேன் வற்றியிருந்தது. “சபைக்கு முன்னால என்னை அசிங்கப்படுத்தினது சபைக்கு முன்னாலதான் தீரணும். அடுத்த ஞாயிறு அம்மை அதே மைக்குல நின்னு சொல்லட்டும், நான் தெரியாம பேசிட்டேன், என் மகளுக்கு வேற வேலை ஒண்ணும் இல்ல, சத்தியதாஸ் அண்ணன்தான் எங்களுக்கு எல்லாம்னு. அது மதி, அது போதும்.”

“சொன்னா ரிலீஸ் தருவீங்களா?”

“முதல்ல சொல்லட்டும். பிறகு பாப்போம்.”

“பாப்போமா, தருவேனா?”

“நீ என்னை விசாரணை பண்ணாத மோளே. ஞாயிறு கழியட்டும்.”

அழைப்பு முடிந்தது. புதுக் கம்பெனி மாசக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தது. நடுவில் இருப்பது அந்த ஒரு ஞாயிறுதான்.

எலிசாள் கையில் எடுத்த சோறு காய்ந்துபோயிருந்தது. “அதுக்கென்ன மக்கா, நான் சொல்லிட்டுப் போறேன். வாய் என்ன தேஞ்சா போகும்? பாவம்னாலும் எனக்குத்தானே.”

“சொல்லட்டும் மலரு” என்றார் ஜெபசிங். “நாமெல்லாம் குனிஞ்சு பழகினவங்கதானே. இன்னொரு தடவை குனிஞ்சா என்ன?”

ஜெபமலருக்குத் தலைக்குள் விண்ணென்று தெறித்தது. “அவர் தரமாட்டாருப்பா. ஒங்களுக்குப் புரியல்லியா? வேற வேலையே இல்லன்னு அம்மா சபைல சொன்னா, பிறகு எந்த வேலைக்கு ரிலீஸ் தருவாரு? வேற வேலை இல்லன்னு நீங்கதானே சொன்னீங்கன்னு அதையே காட்டுவாரு. அம்மாவை நிக்க வச்சுப் பொய் சொல்ல வச்சிட்டு, என்னையும் ஹெல்பராவே வச்சுக்குவாரு. ரெண்டும் அவருக்கு.”

“தந்தா?” என்றாள் எலிசாள்.

“தரமாட்டாரு.”

“ஒருவேளை தந்தா?”

அந்த ஒருவேளையை நம்பி நம்பித்தான் இந்த வீடு இத்தனை காலம் ஓடியது. அரிசிக்கடைக்காரர் ஒருவேளை போனஸ் தருவார், ஐயர் ஒருவேளை காலேஜுக்குச் சிபாரிசுக் கடிதம் தருவார், சத்தியதாஸ் ஒருவேளை அடுத்த வருஷம் விசாவை மாற்றித் தருவார். ஜெபமலர் எழுந்து கை கழுவினாள். போனை எடுத்து அவளே அழைத்தாள். இந்தமுறை அங்கிள் என்று விளிக்கவில்லை.

“சார், ஜெபமலர். எங்க அம்மா மைக்குல நிக்க மாட்டாங்க. அவங்க பேசினதுல மாத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல.”

“அப்போ வந்து மூணு வருஷத்தையும் முடி” என்றார் சத்தியதாஸ். “ஹெல்பராட்டே முடி. லீவு கழிஞ்சு ஒரு நாள் பிந்தினா நீ ஓடிப்போயிட்டேன்னு எழுதிக் கொடுத்துருவேன். பின்னே குவைத்த மறந்துக்கோ.”

“வருவேன் சார். முடிச்சதுக்குப் பிறகு உங்க ரிலீஸ் எனக்கு வேண்டாம்.”

“அதுவரைக்கும் நீ எங்க இருந்து கணக்கு எழுதுவேன்னு நானும் பாக்கேன். குடோன்ல துணி மடக்க ஆள் இல்ல. ஹெல்பர்தானே நீ?”

ஜெபமலர் அழைப்பைத் துண்டித்தாள். அவர் சொன்னதில் சட்டப்படி தப்பு இல்லை.

எலிசாள் முதல்முறையாக மகள்மேல் பாய்ந்தாள். “ஒன் நாக்குதான்டி உன்னைக் கெடுக்குது! நான் கெடுத்ததை நானே சரியாக்கியிருப்பேன். அதுக்கும் விடல்ல நீ.”

“கெடுத்தது நீங்க, ஆமா” என்றாள் ஜெபமலர். “சொல்லாதீங்கன்னு முந்தானையப் பிடிச்சு இழுத்தேன். பொருத்தனை பொருத்தனைன்னு ஓடினீங்க. நல்ல வேலை போச்சு. ஏழு மாசம் குடோன்ல துணி மடக்கப் போறேன். அது உங்களாலதான். நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

எலிசாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெபசிங், “போதும் பிள்ளே” என்றார். ஜெபமலர் நிறுத்தவில்லை, ஆனால் குரல் இறங்கியது.

“அதுக்காக அந்த ஆளுக்கு முன்னால உங்களக் குனிய விடமாட்டேன். அது வேற, இது வேற.”

இப்போது வர முடியாது என்று புதுக் கம்பெனிக்குச் செய்தி அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது, மிக மரியாதையாக. வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம், எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்.

அந்த வாரத்தில் தைக்காட்டில் இருக்கிற அரசு அலுவலகத்துக்குப் போய் முத்திரை வாங்கிய சான்றிதழை எடுத்து வந்தாள். “இது இனி எதுக்கு?” என்று ஜெபசிங் கேட்டார். அவள் பெட்டியின் அடியில் துணிகளுக்குக் கீழே அதை வைத்தாள். ஏழு மாசம் கழித்து எந்தக் கம்பெனி, எந்த வேலை, யாருக்குத் தெரியும்.

குவைத்துக்குப் பெட்டி கட்டும்போது எலிசாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விரல்களில் மிளகாய் எரிச்சல். வேலை முடிந்து வந்தால் ஒரு மணி நேரத்துக்கு எதையும் தொட மாட்டாள். பெட்டியில் இருந்த சேலை மடிப்பை மட்டும் புறங்கையால் நீவிவிட்டாள்.

“அவன் கேட்டதை நான் சொல்லியிருப்பேன் மக்கா.”

“தெரியும்மா.”

“சபை முழுக்கச் சிரிச்சாலும் சொல்லியிருப்பேன்.”

“அதனாலதான் விடல்ல” என்றாள் ஜெபமலர். பெட்டி மூடவில்லை. முழங்காலை வைத்து அழுத்தி, ஜிப்பை இழுத்தாள்.