கை நிற்க ஒரு மருந்து

என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்குகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் டாக்டர்கள் இல்லை, அவருடைய வாடிக்கையாளர்கள். அதற்கு மருந்து சொன்னவர்களும் அந்தப் புண்ணியவான்கள்தான்.

அவர் செல்போன் ரிப்பேர் செய்பவர். பூதக்கண்ணாடிக்கு அடியில், கடுகைவிடச் சின்ன பாகத்தை இடுக்கியால் தூக்கி, சரியான இடத்தில் வைத்துப் பற்றவைக்கிற வேலை. காலையில் கடை திறந்ததும் இடுக்கி அவர் கையில் தாளம் போடும். இரண்டு மடக்கு உள்ளே போனால் போதும், கை அசையாமல் நிற்கும். இதைப் பார்த்துப் பழகியவர்கள், போனை மேஜையில் வைப்பதற்கு முன்பே, "அண்ணே, முதல்ல போட்டுட்டு வாங்க. நாங்க வெயிட் பண்றோம்" என்பார்கள். என்ன கரிசனம்! ஒருவர் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். போனில் அவருடைய குழந்தையின் போட்டோ எல்லாம் இருக்கிறதாம், பத்திரமாக வேண்டுமாம்.

குடிதான் நடுக்கத்தையே கொண்டுவந்தது, இப்போது உடம்பு அது இல்லாமல் அடம்பிடிக்கிறது என்று நான் தொண்டை கிழியக் கத்தினால், "உனக்கு என்ன தெரியும்? கண்ணால பார்க்கிறேல்ல, போட்டா நிக்குது" என்பார். கண்ணின் வெள்ளை மஞ்சளாயிற்று. வயிறு உப்பியது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். கை மட்டும் ஜோராக நின்றது.

ஆஸ்பத்திரியில் குடியை விடவைக்கத் தனிப் பிரிவு இருக்கிறது, போகலாம் என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய அண்ணன் குதித்தார். எங்கள் குடும்ப மானத்தை மொத்தக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் அவர்தான்.

"ஏம்மா, நம்ம வீட்டு ஆளு அங்க போய் வரிசையில நிக்கிறதா? மாடி ரூம்ல போட்டுப் பூட்டு. ஒரு சொட்டு குடுக்காதே. தானா வழிக்கு வருவான்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம் மாமா."

"மனசு வெச்சா முடியாதா? இதுக்கெல்லாம் டாக்டரா!"

அவரே தம்பியை மாடியில் போட்டுப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கோட்டையைப் பிடித்தவர் மாதிரி கீழே உட்கார்ந்து டிவி பார்த்தார். நான் ஜன்னல் வழியாகச் சாப்பாடு நீட்டியபோது என் வீட்டுக்காரர் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார். சுவரெல்லாம் எறும்பு, தட்டிவிடு தட்டிவிடு என்று கெஞ்சினார். சுவரில் ஒரு எறும்பும் இல்லை.

"மாமா, எனக்குப் பயமா இருக்கு."

"நடிக்கிறான். கண்டுக்காதே."

மறுநாள் காலை மாடியில் தடாலென்று சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், நடிகர் தரையில் கிடந்தார். கைகால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. கோட்டையைப் பிடித்தவருக்குப் பூட்டின் ஓட்டைகூடக் கண்ணில் படவில்லை. சாவியைப் பிடுங்கி நான்தான் திறந்தேன்.

அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். "இதுக்கு முன்னாடி வலிப்பு வந்திருக்கா? குடிப்பழக்கம் உண்டா?"

அண்ணன் முந்திக்கொண்டார். "சேச்சே, எங்க குடும்பத்துலயா? சரியா தூங்கல டாக்டர், அதான்."

டாக்டர் அதை எழுதத் தொடங்கினார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ.

"பொய் டாக்டர்! கண்ணு முழிச்சதுல இருந்து குடிப்பார். வருஷக்கணக்கா குடிக்கிறார். இவர்தான் ரூம்ல போட்டுப் பூட்டி ஒரேயடியா நிறுத்தினார். அதுக்கப்புறம்தான் இப்படி!"

அந்த வராந்தாவே எங்களைத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நர்ஸை அழைத்து ஊசி போடச் சொன்னார்.

"நல்லவேளை சொன்னீங்க. இவ்வளவு குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. இங்கேயே வெச்சு, மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும். கல்லீரலையும் பார்க்கணும். அப்புறம் மறுபடி தொடாம இருக்க, பேசி உதவுறவங்க இருக்காங்க. குடியை விட்டவங்க கூடுற கூட்டமும் இருக்கு."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "கூட்டமா? தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா?"

"இவர் குடிச்சிட்டு சாக்கடையோரம் விழுந்து கிடந்தப்போ தெருவே பார்த்துச்சு மாமா. அப்பப் போகாத மானம், ஆஸ்பத்திரிக்கு வந்தா போயிடுமா?"

"அதில்லம்மா..." என்றபடி, வராந்தாவில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று தேடினார்.

சாயங்காலம்தான் என் வீட்டுக்காரர் ஆள் அடையாளம் தெரிந்து பேசினார். அண்ணன் உடனே கட்டிலருகே குனிந்தார். "தம்பி, யார் கேட்டாலும் விஷக்காய்ச்சல்னு சொல்லிடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

வலிப்பில் நாக்கைக் கடித்துக்கொண்டதால் அவருக்குப் பேச்சு குழறியது.

"குடின்னே சொல்லுண்ணே. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். இதோட செத்துடுவேன்னு நெனச்சேன். நீ வீட்டுக்குப் போ. இவ இருக்கட்டும். அந்த டாக்டரைக் கூப்பிடச் சொல்லு, எனக்கு இதை விடணும்."

பாவி மனுஷா, இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இவ்வளவு காலமா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டத் திட்ட அழுகைதான் வந்தது.