பயத்தைத் திருப்பிக் கொடுத்தவள்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் ஒல்மேதோ. ஆனால் அவர் எழுதச் சொன்னது இந்தக் கதையை அல்ல.

"விருந்தாளிங்க தினமும் கேக்குறாங்க டீச்சர், இங்க குரங்குங்க ஆளைக் கண்டா ஏன் இந்த ஓட்டம் ஓடுதுன்னு. நானும் எத்தனை வாட்டிதான் சொல்றது? ஒரு பக்கத்துக்கு அழகா எழுதிக் கொடுங்க. சாப்பாட்டுக் கூடத்துல மாட்டிடலாம். சோகமா வேணாம். சாப்பிடுற இடம்."

ஒல்மேதோ கிரேஃபா எங்கள் சாச்சயாக்கு கிராமத்தின் விடுதிக் குழுத் தலைவர். விடுதி என்றால் தேசியப் பூங்காவின் மழைக்காட்டுக்குள், ஆற்றின் வடகரையில், ஊரே சேர்ந்து கட்டிய ஓலைக்கூரை அறைகள். நான் மலையூரிலிருந்து பள்ளிக்கூட வேலைக்கு வந்து, இங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு, இங்கேயே தங்கிப்போன டீச்சர். ஊரில் எதை எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். கல்லறை வாசகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை.

ஒரு பக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அது நின்றபாடில்லை. சாப்பிடும் இடத்துக்கு இது ஆகவே ஆகாது. அதனால் உங்களிடம் தருகிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஈக்வடாரின் கிழக்கே, பச்சைக் கடல்போல விரிந்து கிடக்கும்

(அடித்துவிட்டேன். இந்தக் காட்டைக் கடல் என்று சொல்பவர்கள் விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள். கீழே இருக்கிற எங்களுக்கு இது சேறு, கொசு, அடுத்த மரம்.)

இரண்டாம் தொடக்கம்: "டெல்ஃபினா குரங்குகளை உயிருக்குயிராக நேசித்தாள்."

(இதுவும் போயிற்று. அவளிடமே கேட்டேன். "நேசமா? சின்ன வயசுல சோரோக் குரங்கோட கையை சூப்புல போட்டு எங்கம்மா கொடுப்பா டீச்சர். விரலை ஒவ்வொண்ணா உறிஞ்சுவோம். அவ்வளவு ருசி" என்றாள்.)

மூன்றாம் தொடக்கம்: "ஒல்மேதோவின் தங்கை டெல்ஃபினா மூன்று வருடம் குரங்குகளுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள்."

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

3

வேட்டையை நிறுத்துவது என்று ஊர் முடிவு செய்தது. விருந்தாளிகளும் வரத் தொடங்கினார்கள். குரங்குகளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. துப்பாக்கி இல்லாத மனிதனைப் பார்த்தும் அவை ஓடின. தலைநகர் கீட்டோவிலிருந்தும் கடல் கடந்தும் வந்தவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து, ஆடும் கிளைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். ஒருவர் படகில் ஏறும்போது, "உங்கள் கிளைகள் ரொம்ப அழகு" என்றார். அது பாராட்டா கிண்டலா என்று ஒல்மேதோ இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அப்போதுதான் டெல்ஃபினா அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் சோரோக் கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். (சோரோ பெரிய குரங்கு. சாம்பல் நிறக் கம்பளியைப் போர்த்தியதுபோல் உடம்பு, கரி பூசியதுபோல் முகம்.) அடியில் உட்கார வேண்டும். நேராக நிமிர்ந்து பார்க்கக் கூடாது. அவை நகர்ந்தால் பின்னாலேயே போக வேண்டும். எதுவும் கொடுக்கக் கூடாது. மறுநாளும் அதேதான்.

முதல் வருடம் முழுவதும் கிளையை ஒடித்து அவள்மேல் எறிந்தன. தலைமேல் மூத்திரம் பெய்தன. வீட்டுக்கு வந்தால் அவள் புருஷன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆத்துல முங்கிட்டு வா, இல்லேன்னா அங்கேயே மரத்துல படுத்துக்கோ" என்பான். இரண்டாம் வருடம் எறிவதை விட்டுவிட்டன. மூன்றாம் வருடம் ஒருநாள் சாயந்திரம் என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"தூங்கிடுச்சு டீச்சர்."

"எது?"

"கிழிகாது. என் தலைக்கு மேல, தாழ்ந்த கிளையில. வாயைப் பொளந்துக்கிட்டு."

கிழிகாது என்பது இடது காது கிழிந்த பெண்குரங்கு. கூட்டத்தில் மற்றவை எங்கே போகலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.  டெல்ஃபினா நான் கொடுத்த குவாயூசா தேநீரை ஆறவிட்டுவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு விருந்தாளிகள் குரங்குகளின் முகங்களைப் பார்த்தார்கள். பல் தேய்க்காமலே காட்டுக்கு ஓடினார்கள். விதிகளை நாங்களே போட்டோம், பூங்கா அதிகாரிகள் சொன்னதைவிடக் கடுமையாக. ஒரு நேரத்துக்கு ஒரு சின்னக் குழுதான். சளி பிடித்தவர் அறையிலேயே இருக்க வேண்டும். வாழைப்பழத்தை நீட்டிய ஒரு பணக்காரத் தம்பதியை அன்றே படகேற்றி அனுப்பினார் ஒல்மேதோ. வந்த வருமானத்தில் நோயாளிகளைக் கொண்டுபோக ஒரு படகு வந்தது. பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை வந்தது. மழை பெய்தால் கத்திக் கத்தித்தான் பாடம் நடத்துகிறேன், ஆனால் ஒழுகவில்லை. எண்ணெய்க் கிணறுகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் வழிகாட்டிகளாகத் திரும்பி வந்தார்கள்.

(இந்த இடத்தில் நீங்கள் குற்றவாளியைத் தேட ஆரம்பித்திருப்பீர்கள். யாரோ விதியை மீறியிருப்பார்கள், யாருக்கோ பேராசை வந்திருக்கும் என்று. அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் எனக்கும் கதை சுலபமாக இருந்திருக்கும். கிடைக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தவரை எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தோம்.)

4

டெல்ஃபினாவைப் பற்றி ஒரு சந்தேகம்.

நான் எழுதிய முதல் பிரதியில் அவள் அதிகம் பேசாதவளாக, காட்டைப் போல அமைதியானவளாக வந்துவிட்டாள். வாசித்துக் காட்டினேன்.

"யாரு இவ? செத்துப்போனவளா?" என்றாள்.

உண்மையான டெல்ஃபினா கைப்பந்து ஆட்டத்தில் யாரும் பார்க்காதபோது காலால் கோட்டை அழித்துத் தள்ளிப் போடுபவள். மரவள்ளிக் கள்ளான சீச்சா உள்ளே போனால் சுருதி இல்லாமல் பாடுவாள். அண்ணனோடு வாரம் ஒருமுறை சண்டை போடாவிட்டால் அவளுக்கு ஜுரம் வந்துவிடும். இனி வருவதை எல்லாம் அந்தப் பெண் செய்ததாகப் படியுங்கள். அமைதியானவள் செய்ததாகப் படித்தால் அது வேறு கதை.

5

தென்கரைக்கு அப்பால் மரம் ஏற்ற ஒரு பாதை போட்டார்கள்.*

லாரி வந்தது. லாரியோடு, நகரச் சந்தைக்குக் காட்டு இறைச்சி அனுப்புகிறவர்களும் வந்தார்கள். ஒருநாள் அவர்கள் ஆற்றைக் கடந்தார்கள்.

டெல்ஃபினா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு மரத்தடியில் தோட்டாக்களின் காலிக் கூடுகள், சிவப்புச் சிவப்பாக, ஒரே இடத்தில் கிடந்தன.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எங்கண்ணன் அந்தக் காலத்துல சோரோ வேட்டைக்குப் போனா, இங்க ஒரு கூடு, ஓடைகிட்ட ஒண்ணு, மேட்டுல ஒண்ணுன்னு கிடக்கும். அது ஓடும், இவன் துரத்துவான். இங்க பாருங்க. சுட்டவன் நின்ன இடத்துலேருந்து ஒரு எட்டுகூட எடுத்து வைக்கல."

கூடுகளைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு சொன்னாள்: "யாரோ விருந்தாளி வந்திருக்கான்னு நெனச்சிருக்கும்."

(இதற்குப் பிறகு ஒரு பத்தி இருந்தது. அவள் முகம் எப்படி இருந்தது, நான் என்ன நினைத்தேன் என்று. எடுத்துவிட்டேன்.)

சோரோக் கூட்டத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் இருந்தவை கொஞ்ச நாள் உச்சிக் கிளைகளிலேயே ஒளிந்திருந்தன. டெல்ஃபினா போய் வழக்கம்போல அடியில் உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. முதலில் வந்தது கிழிகாது. அது சுமந்து திரிந்த குட்டி முதுகில் இல்லை.

\* யார் போட்டார்கள் என்று எழுதினால் கதை அவர்கள் பின்னால் போய்விடும். நான் குரங்குகளின் பின்னால் போக வேண்டும்.

6

ஊர்க்கூடத்தில் எல்லோரும் கூடினோம். சீச்சா கிண்ணம் கை மாறிக்கொண்டே இருந்தது, ஆனால் யாரும் பாடவில்லை.

"காவல் போடுவோம்," என்றார் ஒல்மேதோ. "பூங்காக்காரங்ககிட்டயும் சொல்லுவோம்."

"பூங்காக்காரங்களா?" என்றாள் டெல்ஃபினா. "ரெண்டு பேரு, ஒரு படகு. அந்தப் படகுக்குப் பெட்ரோலும் நாமதான் ஊத்துறோம்."

சிலர் சிரித்தார்கள்.

"சரி, நீயே சொல்லு. என்ன பண்ணலாம்?"

"மறுபடியும் பயப்பட வைக்கணும்."

"யாரை? அந்த வேட்டைக்காரப் பயலுகளையா?"

"குரங்கை."

சிரிப்பு நின்றது. ஒல்மேதோ கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப மூணு வருஷம் மூத்திரத்துல குளிச்சியே, அது எதுக்குடி? முகத்தைப் பாக்கத்தான் அவ்வளவு தூரத்துலேருந்து வர்றாங்க. இனிமே முதுகைக் காட்டவா கூப்பிடறது?"

"முதுகாவது மிஞ்சும்ணே."

"விடுதியை மூடினா நம்ம பசங்க எதை எடுப்பானுங்கன்னு யோசிச்சியா? துப்பாக்கியைத்தான் எடுப்பானுங்க. அப்ப உன் கிழிகாதை எவனோ வந்து சுட வேணாம். உன் அக்கா மவனே சுடுவான்."

  இதை எழுதும்போது ஒல்மேதோவைக் கொஞ்சம் கெட்டவராகக் காட்டும் ஆசை வந்தது. காசுக்காகப் பேசுகிறார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் அந்தத் தோட்டாக் கூடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தவர் அவர். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்ததை நான் பார்த்தேன்.

கூட்டம் எந்த முடிவும் எடுக்காமல் கலைந்தது.

7

காலையில் டெல்ஃபினா, விருந்தாளிகளுக்கென்று விடுதியில் வைத்திருக்கும் நீல மழைக்கோட்டுகளில் இரண்டை எடுத்து வந்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"போட்டுக்குங்க."

"மழையே இல்லையே?"

"என்னைப் பாத்து மட்டும் பயந்தா பத்தாது டீச்சர். கோட்டைப் பாத்தும் பயப்படணும். உங்களைப் பாத்தும்."

அவள் இடுப்பில் ஈரக் களிமண் உருண்டைகள், கையில் ஊதுகுழல். பையன்கள் உருண்டையை ஊதிக் குருவி அடிக்கப் பயன்படுத்துவது. தோளில் துணி சுற்றிய நீளமான ஒன்று. அது என்னவென்று எனக்குத் தெரியும்.

"அண்ணன் கொடுத்தாரா?"

"ஆணியில தொங்கிச்சு, எடுத்தேன். பாத்துக்கிட்டேதான் இருந்தான். தடுக்கல."

படகில் போய் இறங்கி நடந்தோம். கூட்டம் ஓர் அத்திமரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. கிழிகாது எங்களைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த கிளைக்கு இறங்கி, வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு படுத்தது.

டெல்ஃபினா ஊதினாள். உருண்டை அதன் தொடையில் பட்டது. துள்ளி எழுந்தது. எங்கிருந்து வந்தது என்று சுற்றிலும் தேடியது. மேலே பார்த்தது. பக்கத்து மரத்தைப் பார்த்தது. எங்களை மட்டும் பார்க்கவில்லை.

மறுபடியும் ஊதினாள். நான் கொண்டுபோயிருந்த வாணலியைத் தட்டிக் கத்தினேன். மற்றவை சிதறி ஓடின, கொஞ்சம் போய் நின்றன, திரும்பி வந்தன. கிழிகாது இன்னும் ஒரு கிளை கீழே இறங்கியது. டெல்ஃபினாவின் பக்கமாக. அடி வேறு எங்கிருந்தோ வருகிறது என்று பயந்து, பத்திரமான இடம் என்று அவளிடம் வந்தது.

(இதை வேறுவிதமாக எழுத முயன்றேன். முடியவில்லை. நான் பார்த்தது இதுதான்.)

டெல்ஃபினா ஊதுகுழலைக் கீழே போட்டாள்.

"டீச்சர், நீங்க படகுக்குப் போங்க."

"டெல்ஃபினா, வேணாம்…"

"போங்கன்னேன்ல."

போனேன். படகில் உட்கார்ந்தேன். வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரே ஒரு வெடிச்சத்தம். கிளிகள் கூட்டமாகக் கிளம்பி ஆற்றைக் கடந்து போயின.

அவள் வந்தபோது கையில் துப்பாக்கி இருந்தது. உடம்பில் நீலக் கோட்டு இல்லை.

"கோட்டு எங்கே?"

"அங்கேயே விட்டுட்டேன்."

"என்ன ஆச்சு?"

"ஓடிடுச்சுங்க," என்றாள். துடுப்பை எடுத்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

8

அதன்பின் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சோரோக்கள் இப்போது ஓடுகின்றன. வேட்டைக்காரர்கள் இன்னும் சில தடவை ஆற்றைக் கடந்தார்கள், நாளெல்லாம் அலைந்து வெறுங்கையோடு திரும்பினார்கள், பிறகு வரவில்லை. விடுதியில் பாதி அறைகள் காலி. சில பிள்ளைகள் மறுபடியும் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போய்விட்டார்கள். ஒல்மேதோ பயந்ததுபோல் யாரும் இன்னும் துப்பாக்கி எடுக்கவில்லை. இன்னும் என்றுதான் எழுத முடிகிறது. வருகிற விருந்தாளிகளை டெல்ஃபினா ஆற்றோரம் மரப்பலகையில் உட்காரவைக்கிறாள். விடிகாலையில் தூரத்தில் குரங்குகளின் குரல் கேட்கும். சிலர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். சிலர் மதியமே கிளம்பிவிடுகிறார்கள்.

கிழிகாதை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. ஆனால் காது தெரியும் அளவுக்குப் பக்கத்தில் இப்போது எந்தக் குரங்கையும் யாரும் பார்ப்பதில்லை.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் டெல்ஃபினா வானத்தை நோக்கிச் சுடுகிறாள். மற்றதில், ஒன்று விழுவதைப் பார்த்தால்தான் மற்றவை கற்றுக்கொள்ளும் என்று அவள்

(மற்றதை முழுதாக இங்கே தரமாட்டேன்.)

இரண்டையும் அவளிடம் வாசித்தேன். மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்.

"எது சரி?" என்றேன்.

"மேல சுட்டேன்னு எழுதினா படிக்கிறவங்க நிம்மதியாத் தூங்கிடுவாங்க. அதைச் சுட்டேன்னு எழுதினா என்னைத் திட்டிட்டு நிம்மதியாத் தூங்கிடுவாங்க. ரெண்டும் வேணாம்."

"அப்ப எப்படித்தான் முடிக்கறது?"

"நீங்க படகுலதானே இருந்தீங்க?"

ஆமாம். எனக்குக் கேட்டது சத்தம் மட்டும். அதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை. நான் படகில் உட்கார்ந்துகொள்கிறேன். அத்திமரத்தடியில் இப்போது நிற்பது நீங்கள். நீலக் கோட்டு போட்டிருக்கிறீர்கள். துப்பாக்கியில் ஒரே ஒரு தோட்டா. தென்கரையில் லாரி ஒன்று கிளம்பும் சத்தம் வருகிறது. தலைக்கு மேல், கை நீட்டினால் எட்டும் கிளையில், காது கிழிந்த ஒரு முகம் உங்களைப் பார்த்து