கூரைக்கு அடியில் பெய்த மழை

1

இந்தக் கதை சாப்பாட்டு மேசையில் பிறந்தது. அண்ணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மூணு செடி என் ஆராய்ச்சியையே தலைகீழாப் புரட்டிடுச்சு. எழுதுங்க, நல்லா இருக்கும்." சொன்னவர் ஆய்வாளர், கேட்டவன் எழுத்தாளன். விட்டுவிடுவேனா? நான் எழுதினால் நன்றாகத்தான் வரும், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

2

முதல் தொடக்கம்: "வறண்ட நிலத்தின் மீது வானம் தன்—"

வேண்டாம். இரண்டாவது வரியில் அண்ணியே தூங்கிவிடுவார்.

இரண்டாவது தொடக்கம்: முள்ளும் புழுதியுமான பொட்டல் காட்டில், வேலிக்குள் இருபது செடிகள். பத்துச் செடிகளுக்கு மேலே வெறும் வானம். மற்றப் பத்துக்கும் மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை. வெயில் விழும், மழை விழாது. ஆய்வாளர் கையுறை மாட்டிக்கொண்டு இலைகளைப் பறித்து உறையிலிட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஒவ்வொரு இலையிலும் குடும்பம் குடும்பமாகக் குடியிருக்கின்றன. வெயிலுக்கும் புழுதிக்கும் அசையாத கூட்டம் அது. மழை பெய்தால் பாதி கழுவிக்கொண்டு போகும். மண் தெறித்து வேறு கூட்டம் வந்து ஏறும்.

[அண்ணியிடம் இந்தப் பத்தியை மட்டும் காட்டினேன். "குடும்பம் குடும்பமாவா? சரி, போகட்டும்" என்றார்.]

இதுவே இருக்கட்டும்.

3

சிக்கல் இதுதான். கூரைக்கு அடியில், ஓரத்தில் இருந்த நான்கு செடிகளில் மூன்றின் இலைகளில், மழையில் நனைந்த இலைகளில் இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் இருந்தது. ஆய்வாளர் மறுபடி மறுபடி சரிபார்த்தார். பக்கவாட்டில் இறங்கும் பனியே மழையின் வேலையைச் செய்துவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். நான்காவது செடி ஏன் மாறவில்லை என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"இது மட்டும் உண்மையா இருந்தா எனக்கு நிரந்தர வேலை கிடைச்சிடும்" என்றார் கணவரிடம்.

"அதுக்காக நீயே உண்மையாக்கிடாதே."

"அப்படி ஆக்கத் தெரிஞ்சா மூணு வருஷமா ஏன் வெயில்ல காயறேன்?"

வெள்ளிக்கிழமை ஆய்வுக் கட்டுரையை அனுப்பியாக வேண்டும்.

4

கதைக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். காவலாளி ஒருவரை உருவாக்கினேன். செடி வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் தண்ணீர் தெளிப்பவர். "பாவமா இருந்துச்சும்மா" என்று பேசவும் வைத்தேன். ஆள் ஒட்டவே இல்லை. அங்கே காவலாளி கிடையாது, வேலியும் பூட்டும்தான். சாவி ஆய்வாளரிடம். அவரோடு உள்ளே போனவர்—

[இந்த வாக்கியத்தை நான்கு முறை அடித்துவிட்டு எழுதியிருக்கிறேன்.]

போனவன் நான். இலை பறிப்பதற்கு இரண்டு நாள் முன்பு, வண்டி ஓட்ட ஆளில்லை என்று அண்ணி என்னைக் கூப்பிட்டார். அவர் மறுகோடியில் கூரையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என் புதிய புத்தகத்துக்கு அட்டைப்படம் வேண்டியிருந்தது: இலையில் மழைத்துளி. மழை இல்லாவிட்டால் என்ன, பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதே என்று ஓரத்துச் செடிகள் மூன்றில் தெளித்தேன். மண் தெறித்தது. படம் பிரமாதமாக வந்தது. நான்காவது செடியைப் பூச்சி அரித்திருந்ததால் படத்துக்கு ஆகாது என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் அவர் சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

5

முடிவு ஒன்று: காவலாளி காலில் விழுகிறார், ஆய்வாளர் மன்னிக்கிறார். இல்லாத ஆளை மன்னிப்பதில் என்ன இருக்கிறது?

முடிவு இரண்டு: யாரும் வாய் திறக்கவில்லை. கட்டுரை வெளியாகிறது, வேலை கிடைக்கிறது. அடுத்த வருடம் வேறு யாரோ இருபது செடிகளை வைத்துப் பார்த்துவிட்டு, பனி அப்படி எதுவும் செய்யவில்லையே என்கிறார். அன்றைக்குத் தலைகுனியப் போவது நான் இல்லை.

மூன்றாவதை நான் எழுத மாட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை.

இன்று வியாழன். இந்தத் தாள்களை உங்கள் கட்டுரைக்கு மேலே வைத்திருக்கிறேன், அண்ணி. என் செல்போனும் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் படங்களில் தேதியும் நேரமும் இருக்கும். மீதிப் பதினேழு செடிகள் சொன்னதில் பிசகில்லை. மழையின் வேலையை மழைதான் செய்கிறது. அதற்காக யாரும் உங்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்கமாட்டார்கள், தெரியும்.

நான் வெளி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படியே அனுப்புவதா, திருத்துவதா, முதலில் என்னைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டுவதா என்பது உங்கள் கையில்.