சோதனைக் காலம் வெள்ளியோடு முடிகிறது

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் அக்கா ஞாயிற்றுக்கிழமை காலை துணி மடித்துக்கொண்டே சொன்னது. சொல்லி முடித்ததும், "இதையும் கதையாக்கிடாதேடி" என்றாள். நான் தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவள் கவனிக்கவில்லை. தலையணை உறையின் மூலையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அக்கா வேலை பார்க்கும் நிறுவனம், காது பரிசோதனை நிலையங்களின் அறிக்கைகளைச் சேமித்து வைத்து, மருத்துவர்கள் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிறது. (உண்மையில் காது இல்லை. உறுப்பை மட்டும் மாற்றியிருக்கிறேன்.) அறிக்கைகள் எல்லாம் கிளவுடில் இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. இப்போது அதற்குக் காவலாக ஒரு மென்பொருள் வாங்கப் போகிறார்கள். இரண்டு நிறுவனங்களின் மென்பொருள்களை இரண்டு வாரம் இலவசமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, எது வேண்டும் என்று அக்கா சொல்ல வேண்டும்.

இதில் கதை எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், மடித்து வைத்த துணியையே அவள் எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கும்வரை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வானத்தில் மேகங்கள் திரண்டிருந்தன. அவற்றுக்குள் மூவாயிரம் பேரின் காதுகள்..."

விட்டுவிட்டேன். கிளவுட் என்றால் என்ன என்று முன்பொரு நாள் அக்காவைக் கேட்டபோது, "ஊருக்கு வெளியில ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம். உள்ளே போனா ஃபேன் சத்தத்துல நீ பேசறது உனக்கே கேக்காது" என்றாள். அதற்குப் பிறகு மேகத்தை நம்ப முடியவில்லை.

இரண்டாவது:

"பனி பெய்துகொண்டிருந்தது. அந்த மனிதன் மேலங்கியின் காலரை உயர்த்திவிட்டுக்கொண்டு அலுவலகப் படியேறினான்."

இது மொழிபெயர்ப்பு நாவல்களை அளவுக்கு மேல் படித்ததன் விளைவு. யார் வந்தாலும் மேலங்கி மாட்டிவிடுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் அக்காவை ஆணாக்கினேன். ஆனால் அந்த மனிதனுக்குத் தலையணை உறை மடிக்கத் தெரியவில்லை. இரண்டு பக்கம் வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு அவனைப் பனியிலேயே விட்டுவிட்டு அக்காவைத் திரும்பக் கூப்பிட்டேன்.

மூன்றாவது:

"அந்தப் பிரிவில் அக்காவைத் தவிர ஆறு பேர். ஆறு பேருக்கும் சாதுவைத்தான் பிடித்திருந்தது."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

சாது என்பது மனிதரில்லை, மென்பொருள். இன்னொன்றின் பெயர் நச்சரிப்பு. இரண்டும் அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர்கள்.

நச்சரிப்பு முதல் நாளே நானூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகளை அனுப்பியது. இந்தக் கடவுச்சொல் பழசு. வேலையை விட்டுப் போனவரின் கணக்கு இன்னும் திறந்திருக்கிறது. இதைப் பார்க்கத் தேவையில்லாத ஒருவருக்கு இதைப் பார்க்க அனுமதி இருக்கிறது.

"காலையிலேர்ந்து நொய் நொய்ங்குது" என்றார் வாடிக்கையாளர்களின் போன்களை எடுத்துப் பேசுகிறவர். "இது சாஃப்ட்வேரா, எங்க பெரியப்பாவா?"

சாது அப்படியில்லை. ஒரே திரை. நடுவில் ஒரு பெரிய பச்சை டிக்.

மேலாளருக்கு அது போதுமாக இருந்தது. அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: சுருக்கமா. யார் வாயைத் திறந்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார்.

"ஒரு பார்வையில தெரிஞ்சிடுது பாருங்க. பச்சைன்னா எல்லாம் நல்லா இருக்கு. இதுக்கு மேல என்னங்க வேணும்?"

"பார்த்துட்டுப் பச்சை காட்டுதா, பார்க்காமலே காட்டுதான்னு தெரியணும் சார்" என்றாள் அக்கா.

"சுருக்கமா சொல்லுங்க."

"இன்னும் ஒரு வாரம் டைம் வேணும்."

"அப்படிச் சொல்லுங்க."

4

நச்சரிப்பின் எச்சரிக்கைகளைப் பொறுமையாக ஒவ்வொன்றாகத் திறந்து படித்தது அக்கா மட்டும்தான். எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை மதியம், இருநூற்றுத் தொண்ணூற்றொன்றாவது எச்சரிக்கைக்கு வந்தாள்.

ஒரு சேமிப்பிடம் பதினொரு மாதமாகத் திறந்து கிடக்கிறது. கடவுச்சொல் தேவையில்லை. இணைப்பு கையில் இருந்தால் யாரும் உள்ளே போகலாம். உள்ளே மூவாயிரத்து நூற்று நாற்பது பேரின் அறிக்கைகள்: பெயர், வயது, தொலைபேசி எண், எந்தக் காது, எவ்வளவு கேட்கிறது.

கீழே ஒரு வரி. திறந்தவர்: அக்காவின் பெயர். தேதி. நேரம்.

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. பரிசோதனைக் கருவிகளைச் சரிபார்க்கும் வெளியாள் ஒருவருக்கு அந்த அறிக்கைகள் தேவைப்பட்டன. கொடுத்த கடவுச்சொல் வேலை செய்யவில்லை. அவர் போனில் காத்திருந்தார். "ஒரு அஞ்சு நிமிஷம் திறந்து விடறேன், எடுத்துக்கோங்க" என்றாள் அக்கா.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இப்படி எதையாவது தற்காலிகமாகத் திறந்தால், ஒரு மஞ்சள் சீட்டில் எழுதித் தன் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவைக்க வேண்டும். மூடிய பிறகுதான் கிழிக்கலாம். அக்காவும் ஒட்டினாள். அடுத்த நாள் அவளுக்கு விடுமுறை. அன்றைக்குப் பார்த்து எல்லோருக்கும் புது மானிட்டர் வந்தது. பழையவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சீட்டோடு.

(இந்த இடத்தில் நான், "பாவம், மானிட்டர்தான் காரணம்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அக்கா பிறகு அதை அடித்துவிட்டு, பக்கத்தில் "திறந்தது நான்" என்று எழுதிவிட்டாள்.)

எச்சரிக்கையைப் படித்தவுடன் மூடிவிட்டாள். அதன் பிறகு சாதுவின் திரையைத் திறந்து பார்த்தாள். எட்டு நாளும் பச்சை.

நச்சரிப்பின் குறிப்பில் இன்னொன்றும் இருந்தது. வெளியிலிருந்து மூன்று முறை அந்த இடத்துக்குள் வந்திருக்கிறார்கள். இரண்டு முறை வந்தது கருவிக்காரர். மூன்றாவது, ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பது வினாடி. யாரென்று தெரியவில்லை.

இனி விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நச்சரிப்பை வாங்கினால், அதன் முழு அறிக்கையும் முதல் வேலையாக மேலாளருக்குப் போகும், அக்காவின் பெயரோடு. வாங்காவிட்டால், அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சோதனைக் காலம் முடிந்து, அது கண்டுபிடித்த எல்லாம் அழிந்துவிடும். ஒப்பந்தம் அப்படி, நகலெடுத்து வைக்கவும் வழியில்லை. அக்காவுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரை இதைவிடச் சின்னத் தவறுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

"சாதுவை வாங்கிட்டு, நடந்ததை நீயே போய்ச் சொல்லிடேன்" என்றேன்.

"ஆதாரம் போனப்புறம் நான் சொல்லி என்னடி? அந்த மூணாவது ஆளை எதை வெச்சுத் தேடுவாங்க?"

5

எனக்கு இந்தக் கதாபாத்திரத்தின் மேல் ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு யோசிக்கிறவள், ஏன் இதை என்னிடம் சொன்னாள்? எதையும் ரகசியமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் நான் என்பது அவளுக்குத் தெரியாதா? இதை எப்படி எழுதுவது என்று குழம்பி, காகிதங்களைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். (மறந்துபோய் விட்டேனா, வேண்டுமென்றே விட்டேனா என்று கேட்காதீர்கள்.)

புதன்கிழமை காலை எழுந்து வந்தபோது அக்கா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"எழுதாதேன்னு சொன்னேன்ல?"

"உன் பேர் எங்கயும் போடலையே அக்கா."

"பேரு ஒண்ணுதான் போடலை. மஞ்சள் சீட்டு, மானிட்டர், எல்லாம் வரிசையா வெச்சிருக்கே. எங்க ஆபீஸ்ல யார் படிச்சாலும் கண்டுபிடிச்சிடுவாங்க."

"உங்க ஆபீஸ்ல யாரு கதை படிக்கிறா?"

சிரித்துவிட்டாள். "அதென்னவோ வாஸ்தவம்தான்."

பிறகு பேனாவை மூடினாள். "நீ என்னை மாட்டிவிட எழுதறியா, காப்பாத்த எழுதறியா?"

"தெரியலை."

"தெரியலைன்னா நிறுத்திடு."

"நிறுத்திட்டா, நானும் சாதுவை வாங்கின மாதிரி ஆயிடும்."

அக்கா எழுந்தாள். தன் தட்டை எடுத்துக் கழுவினாள். என் தட்டையும் எடுத்துக் கழுவினாள். நான் இன்னும் சாப்பிடவே தொடங்கியிருக்கவில்லை.

6

வியாழக்கிழமை மூன்று முடிவுகள் எழுதி மேசைமேல் வைத்தேன். மாலையில் அவை ஓரக்குறிப்புகளோடு திரும்பி வந்தன.

முதல் முடிவு: அக்கா நச்சரிப்பைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். மேலாளரின் கண்கள் கலங்குகின்றன. "உங்களைப் போல ஒருவர்தான் எங்களுக்கு வேண்டும்" என்று எழுந்து வந்து...

ஓரத்தில்: "அவர் எழுந்தே வர மாட்டார்."

இரண்டாம் முடிவு: சாதுவைத் தேர்ந்தெடுக்கிறாள். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு மழை நாளில், அவளுக்கு முகம் தெரியாத ஒருவர் கதவைத் தட்டுகிறார். அவர் கையில் ஒரு பழைய அறிக்கை...

ஓரத்தில்: "ஏற்கெனவே தூக்கம் வரலை. நீ வேற."

மூன்றாம் முடிவு: அந்தச் செவ்வாய்க்கிழமை நாற்பது வினாடி உள்ளே வந்ததும் கருவிக்காரர்தான், வீட்டிலிருந்து வேறொரு கணினியில். வேறு யாரும் வரவே இல்லை.

ஓரத்தில் கொஞ்ச நேரம் பேனாவை அழுத்தி வைத்திருந்த ஒரு புள்ளி. அதன் பக்கத்தில்: "இப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

7

இன்று வெள்ளிக்கிழமை. கூட்டம் நாலரை மணிக்கு. காலையில் செருப்பு மாட்டும்போது அக்கா கேட்டாள்.

"முடிச்சிட்டியா?"

"இல்லை. நீ என்ன சொல்லப் போறே?"

"நீ முடிக்காதே. நீ என் தங்கச்சி. எப்படி எழுதினாலும் கடைசியில என்னைக் காப்பாத்தத்தான் பார்ப்பே. என்னைத் தெரியாதவங்க யார்கிட்டயாவது விடு."

அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

வழக்கமாக இந்த இடத்தில், அக்காவின் நாற்காலியில் உங்களை உட்கார்ந்து பார்க்கச் சொல்வார்கள். வேண்டாம். அங்கே உட்கார்ந்தால் உங்களுக்கும் பயம் வந்துவிடும். நீங்கள் அந்த மூவாயிரத்து நூற்று நாற்பது பேரில் ஒருவர். சத்தம் வராத ஒரு சின்ன அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஒலி கேட்டதும் கையைத் தூக்குங்கள் என்று சொல்லப்பட்டு, சில முறை கேட்காமலே தூக்கியவர். இடது காது மந்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் யாரிடமும் நீங்கள் சொல்லவில்லை. வேலை பார்க்கும் இடத்தில் நிச்சயமாகச் சொல்லவில்லை.

அக்காவுக்கு உங்களைத் தெரியாது. உங்களுக்கும், இந்தச் சில பக்கங்களில் துணி மடித்தவள் என்பதைத் தவிர அவளைத் தெரியாது.

மணி நாலு நாற்பத்தெட்டு. சுவரில் இரண்டு திரைகள் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. ஆறு பேரும் அவளைப் பார்க்கிறார்கள். மேலாளர், "சுருக்கமா, எதுங்க?" என்கிறார்.

நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதையே அவளும் சொல்வாள்.