மழையக்கா

வெளியே மூன்று மாதமாகச் சொட்டு மழை இல்லை. அந்தச் சன்னலில்லாத அறைக்குள் மட்டும் இப்போதுதான் தூறிவிட்டுப் போனது மாதிரி எப்போதும் மண் வாசனை. வயல் மண்ணிலிருந்தும் கடலடிச் சேற்றிலிருந்தும் எடுத்த கிருமிகள் கண்ணாடித் தட்டுகளில் வளர்கிற வாசனை அது. அவற்றில் ஏதாவது மருந்துக்கு உதவுமா என்று மாடியில் பார்ப்பார்கள். பார்த்து ஒதுக்கிய தட்டுகளைப் பெரிய குக்கரில் அவித்து, சுரண்டி, கழுவிக் கவிழ்ப்பது அவள் வேலை. பதினொரு வருடமாக அதே வேலை, அதுவும் தற்காலிகம். வாசனை உடம்பிலேயே ஊறிப்போய் எல்லோருக்கும் அவள் மழையக்கா ஆகிவிட்டாள்.

வெந்நீரில் கையை விட்டால் மனசு எங்கெங்கோ மிதக்கும். அவிக்கக் காத்திருக்கும் தட்டுகளுக்குள் சாம்பல் புள்ளிகள் குட்டி மேகங்களாகத் தெரியும். போன வருடம் அப்படிச் சொக்கிப்போய் நின்றபோதுதான் ஒரு தட்டு கையிலேயே தங்கிவிட்டது. தட்டு முழுக்க, சோதனைக்காக மாடியில் பூசிய நோய்க்கிருமி படர்ந்திருந்தது. ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டாற்போல் வட்டம்.

"பாப்பா, இதுகிட்ட எதுவுமே அண்டலயே. இதையும் அவிச்சிடவா?"

மாடியில் வேலை பார்க்கும் ஆராய்ச்சிப் பெண் ஓடி வந்தாள். "ஐயோ அக்கா, இது எப்படி என் கண்ணுல படாம போச்சு! இது மட்டும் தேறட்டும், முதல்ல உங்க வேலைய நிரந்தரமாக்கச் சொல்றேன்."

அந்த ஒரு வார்த்தையில் அவள் வருடம் முழுக்க மனக்கோட்டை கட்டினாள். சம்பளத்தோடு லீவு. மகளுக்கு நர்ஸ் படிப்பு. எவ்வளவு ஆசை!

இன்று காலை ஸ்டோர்காரர் அட்டைப்பெட்டிகளை இறக்கினார்.

"உங்க தட்டுக்குப் பெரிய நிதி வந்திருக்குக்கா."

"அப்போ என் வேலை?"

அவர் பெட்டியைப் பிரித்தார். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தட்டுகள். "ஒரு தடவை போட்டுட்டு எறியறது. இனிமே கழுவ வேண்டாமாம். உங்களுக்கு இன்னியோட..." அவர் அடுத்த பெட்டியைப் பிரிக்கக் குனிந்தார்.

ஆராய்ச்சிப் பெண் படியிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது. "சண்டையே போட்டேன்க்கா. இல்லாத வேலைய எப்படி நிரந்தரமாக்கறதுன்னு கேக்கறாங்க."

 மழையக்கா தொட்டியில் கையை விட்டாள்.

"எதுக்கு இன்னும் கழுவறீங்க? இதெல்லாம் குப்பைக்குத்தான்" என்றாள் அந்தப் பெண்.

"அழுக்கோடவா அனுப்பறது?" என்று கடைசித் தட்டையும் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினாள்.

பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நின்ற பெரியவர் மூக்கை உறிஞ்சினார். வெளுத்துக் கிடந்த வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எங்கயோ நல்ல மழை போலம்மா."

அவளும் அண்ணாந்து பார்த்தாள்.