முகம் பார்க்கும் காசு

முதல் ஏ.டி.எம். இயந்திரம் ரவுஷானின் அட்டையை நாக்கை நீட்டுவதுபோல உடனே வெளியே தள்ளியது. இரண்டாவது, ரஷ்ய மொழியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தள்ளியது.

"பரவாயில்லக்கா, இது மரியாதை தெரிஞ்ச மிஷின்," என்றான் தலாய்.

ரவுஷானுக்குச் சிரிப்பு வரவில்லை. அல்மாட்டியிலிருந்து எல்லை தாண்டி, இரவெல்லாம் பயணம் செய்து நாரின் ஊருக்கு வந்திருக்கிறாள். கைப்பையில் குழந்தைக்குச் சட்டை, தங்கைக்குச் சால்வை, மூன்று கிலோ சாக்லேட். பணமாக மட்டும் ஒரு நோட்டுகூட இல்லை. அல்மாட்டியில் யார் நோட்டு வைத்துக்கொள்கிறார்கள்? ரொட்டிக்கும் போன், டாக்சிக்கும் போன். மேஜை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்த அட்டையை எதற்கும் இருக்கட்டும் என்றுதான் எடுத்து வந்திருந்தாள்.

தங்கை மோல்திரிடமிருந்து காலையிலேயே செய்தி வந்துவிட்டது. "பிள்ளை முகத்தைப் பார்க்கணும்னா கையில நோட்டு இருக்கணும். போன்ல அனுப்புற காசுக்குப் போன்லயே போட்டோ காட்டுவோம்."

முதல் தடவை முகம் பார்ப்பவர் காசு வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். விளையாட்டுப்போலத்தான் எழுதியிருந்தாள். ஆனால் அதில் இரண்டு வருஷக் கோபம் இருந்தது. தலாயைக் கட்டிக்கொள்கிறேன் என்று மோல்திர் சொன்னபோது, "மாட்டு டாக்டரா? மலைக்கு அந்தப் பக்கமா?" என்று கேட்டவள் ரவுஷான்தான். கல்யாணத்துக்கு வரவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, அதற்குப் பிறகு தம்பதியை வீட்டுக்கு அழைக்கவும் இல்லை. பிறந்த வீடு முறைப்படி அழைக்காமல் கட்டிக்கொடுத்த பெண் அந்த வாசலை மிதிக்க முடியாது. அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்றால் ரவுஷான்தான். அழைக்கத்தான் வந்திருக்கிறாள். ஆனால் பிள்ளையின் முகத்துக்குக் காசு வைக்காதவள் எந்த முகத்தோடு அழைப்பது?

"நான் தர்றேன்க்கா. வீட்டுக்குப் போனதும் திருப்பிக் கொடுங்க," என்றான் தலாய்.

"உங்க பாக்கெட்லேர்ந்து எடுத்து உங்க பிள்ளை கையிலயே வைக்கிறதுக்கு நான் எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்?"

அவனைத் தம்பி என்றோ மாப்பிள்ளை என்றோ அவள் இன்னும் கூப்பிட்டிருக்கவில்லை. காரில் ஏறியதிலிருந்து எந்த உறவும் சொல்லாமலே பேச்சை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது இயந்திரம் சந்தைக்கு எதிரே இருந்தது. அதன் முன்னால் வெள்ளைக் கம்பளித் தொப்பிகளின் வரிசை.

"போச்சு. இன்னிக்கு பென்ஷன் நாள்," என்றான் தலாய்.

பென்ஷன் அட்டையில் விழுந்த அன்றே கடைசி சோம் நோட்டு வரை உருவி எடுத்துவிடாவிட்டால் அந்த ஊர்ப் பெரியவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. "கடைசி ஆள் யாரு?" என்று கேட்டு, ஒரு தாடிக்காரருக்குப் பின்னால் நின்றாள் ரவுஷான். முக்கால் மணி நேரம். தாடிக்காரர் பணத்தை உள்பையில் வைத்து, அதற்கு மேலே ஊக்கும் குத்திக்கொண்டார். ரவுஷானின் முறை வந்தது. இந்த இயந்திரம் அட்டையைத் தள்ளவில்லை. நல்ல பிள்ளையாக உள்ளே வாங்கிக்கொண்டு, ரகசிய எண் கேட்டது.

ரகசிய எண்!

அவள் போன் அவள் முகத்தைப் பார்த்தே திறந்துகொள்ளும். நான்கு எண்ணை அவளிடம் யாரும் கேட்டு ஐந்து வருஷம் இருக்கும். பிறந்த வருஷத்தைப் போட்டாள். தப்பு. பழைய வீட்டுக் கதவு எண். தப்பு. பின்னால் யாரோ இருமினார்கள். அந்த அவசரத்தில் முதலாவதையே மறுபடியும் போட்டாள். இயந்திரம் ஒரு முனகலோடு அட்டையை விழுங்கிவிட்டுத் திரையில் நன்றி சொன்னது.

"தின்னுடுச்சா? போன மாசம் என் மச்சானோடதையும் தின்னுச்சு. வெளியூர்க்காரங்கன்னா இதுக்கு ருசி ஜாஸ்தி," என்றார் தாடிக்காரர். வேடிக்கை பார்க்கத்தான் நின்றிருந்தார். "எந்த ஊரும்மா?"

"அல்மாட்டி, ஐயா."

"அட! என் பொண்ணு பெர்மெத் அங்கதான் தையல் கடையில இருக்கா. இந்தப் பணத்துல பாதி அவளுக்குத்தான். குளிருக்குப் பூட்ஸ் வாங்கணுமாம். அனுப்பத்தான் கிளம்பினேன்."

ரவுஷான் தன் போனைப் பார்த்தாள். பிறகு அவர் சட்டையில் இருந்த ஊக்கைப் பார்த்தாள்.

"ஐயா, நான் அவளுக்கு இப்பவே அனுப்பிடறேன். நீங்க எனக்கு இங்க நோட்டாக் கொடுத்துடறீங்களா?"

பெரியவரின் கை நெஞ்சுக்குப் போனது. "உன்னை எனக்குத் தெரியாதேம்மா." அவர் பார்வை தலாய் மேல் விழுந்தது. "ஏய், நீ டாக்டர் தம்பிதானே? என் குதிரைக்குப் பிரசவம் பார்த்தவன்! இந்தம்மா உனக்கு யாரு?"

தலாய் ரவுஷானைத் திரும்பிப் பார்த்தான். என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று அவனுக்குத் தெரியவில்லை. காது மட்டும் சிவந்தது.

"எங்க வீட்டு மாப்பிள்ளை, ஐயா," என்றாள் ரவுஷான். "என் தங்கச்சியைக் கட்டினவர். அவர் பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தேன்."

தலாய் திடீரென்று காரின் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான்.

பெர்மெத்தைப் போனில் பிடித்தார்கள். அவள் எண்ணை வாங்கி ரவுஷான் பணம் அனுப்பிய அடுத்த நொடியே அந்தப் பக்கத்திலிருந்து கூவல் கேட்டது. "வந்துடுச்சுப்பா! ஏது, இந்தத் தடவை கேட்டதைவிட ஜாஸ்தி?"

"அது வட்டியில்லம்மா, உங்கப்பாவை இங்க நிக்க வச்சதுக்கு," என்றாள் ரவுஷான்.

பெரியவர் ஊக்கைக் கழற்றி, எண்ணிய நோட்டுகளில் கசங்கியதை எல்லாம் தன் பக்கம் ஒதுக்கினார். "பிள்ளை முகத்துக்குப் பழைய நோட்டு வைக்கக் கூடாது."

வீட்டில் மோல்திர் வாசலில் வந்து நிற்கவில்லை. அறையில் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு, நீதிபதியைப்போல உட்கார்ந்திருந்தாள். ரவுஷான் எல்லா நோட்டையும் துணிக்கு மேல் வைத்தாள். துணி விலகியது. தலாயின் அதே காதுகளோடு ஒரு சின்னப் பயல் கொட்டாவி விட்டான்.

"சரி, இவனைப் பார்த்தாச்சு," என்றாள் மோல்திர். தலையில் இருந்த வெள்ளைத் துணியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "கல்யாணப் பொண்ணு முகத்துக்கும் காசு உண்டுக்கா. நீதான் அப்போ வரலையே. எடு."

கையில் ஒரு சோம்கூட இல்லை. ரவுஷான் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது அல்மாட்டியில இருக்கு, மோல்திர். நம்ம வீட்ல. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையைத் தூக்கிட்டு வந்து வாங்கிக்கணும். அழைக்கத்தான் வந்தேன்."

துணிக்குள்ளிருந்து மூக்கு உறிஞ்சும் ஒலி கேட்டது.

"ரெண்டு வருஷம் ஆச்சுல்ல. ஜாஸ்தியா வைக்கணும்."

"வைக்கிறேன்டி. முதல்ல துணியை எடு. வேர்க்குது உனக்கு."